அம்மா குடியிருக்கும் வீட்டை விற்று அடுக்ககம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. சென்னையில் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன்; மேடவாக்கத்தில் 19,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். கடலூர் முதுநகரில் அப்பா தன் சம்பாத்தியத்தில் 1988-இல் கட்டிய வீட்டில் 68 வயதான அம்மா தனியாக இருக்கிறார். அப்பா 2021-இல் உயில் எழுதாமல் காலமானார். ஒரே தங்கை திருமணமாகி நெய்வேலியில் இருக்கிறாள். வீட்டை 62 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தோடு என் சேமிப்பு 14 லட்சத்தையும் சேர்த்து, கடனே இல்லாமல் 75 லட்சத்துக்கு ஒரு பழைய அடுக்ககத்தை வாங்கிவிடலாம். ஆனால் அம்மா வர மறுக்கிறார். தானே புயலில் ஓடுகள் பறந்தபோது தன் எட்டுப் பவுன் நகையை விற்றுத் தளம் போட்ட வீடு என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வருமானம் தராத சொத்தை உணர்ச்சிக்காக வைத்திருப்பது சரியா?

பதில்: விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. அம்மாவின் மனம் நோகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கணக்கே சரியாக இல்லை.

அந்த 62 லட்சம் உங்களுடையது அன்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்து அவருடைய மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். இறந்தவரின் தாயார் அப்போது உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. தங்கைக்குத் திருமணமானது அவருடைய உரிமையைக் குறைக்காது. பாட்டி முன்பே காலமாகியிருந்தால் உங்கள் பங்கு ஏறத்தாழ 20 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய்தான். மறுவிற்பனை அடுக்ககத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 6 லட்சத்து 75 ஆயிரம், தனியாக வேண்டும். ஆகவே உங்கள் பங்கையும் சேமிப்பையும் முழுவதுமாகப் போட்ட பிறகும் 47 லட்சம் கடன் வாங்க நேரும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 40,800 ரூபாய். இப்போது நீங்கள் தரும் வாடகையைப் போல இரு மடங்குக்கும் மேல். கடன் முடியும்போது உங்களுக்கு வயது 61 ஆகியிருக்கும், கையிருப்பும் கரைந்திருக்கும்.

அம்மாவும் தங்கையும் விற்பனையில் வரும் தங்கள் பங்குப் பணத்தை மனமுவந்து உங்களுக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கொடுத்தாலும் விற்பனை லாபத்துக்கான வரியை மூவரும் தனித்தனியே கணக்கிட வேண்டும். 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக வைத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23-க்கு முன்பே உங்களுக்கு வந்துவிட்ட சொத்து என்பதால், பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அடக்கவிலையைக் கூட்டிக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம் ஆகிய இரண்டில் குறைவானதைக் கட்டினால் போதும். இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் வரிவிலக்கு, அந்த வீட்டை யார் பெயரில் வாங்குகிறார்களோ அவருக்கே பொருந்தும். அடுக்ககம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், அம்மாவும் தங்கையும் பணத்தையும் கொடுத்துவிட்டு வரியையும் கட்ட வேண்டியிருக்கும்.

வரியை விட எனக்குப் பெரிதாகப் படுவது அம்மாவின் நிலை. இன்று அவர் சொந்த வீட்டில் இருக்கிறார். அடுக்ககப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லையென்றால், அன்று முதல் அவர் மகனுடைய வீட்டில் தங்கியிருப்பவர். நீங்கள் அவரை எவ்வளவு அன்பாக வைத்துக்கொண்டாலும், கதவைத் திறந்து உறவினரை உட்காரச் சொல்லவும், எந்நேரமும் அடுப்பு மூட்டவும், ஒரு செடியை நடவும் யாரையும் கேட்க வேண்டாத உரிமை போய்விடும். கடலூரில் இப்படி வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போன பெற்றோர் சிலரை நான் அறிவேன். பணம் சரியாகத்தான் பிரிக்கப்பட்டது. ஆனால் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும், வாசலில் கூடையை இறக்கி வைத்து, காசு நாளைக்குக் கொடுங்கள் என்று சொல்லும் மீன்காரம்மாவும், உடம்பு முடியவில்லையென்றால் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களுக்கு எந்த விலைக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. தனியாக வாழும் 68 வயதுப் பெண்மணிக்கு இவை பாதுகாப்பு ஏற்பாடுகள்; உணர்ச்சி என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல.

எட்டுப் பவுன் என்பது 64 கிராம் தங்கம். இன்றைய விலைக்குப் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தளத்தில் அம்மாவின் சொந்த முதலீடு எவ்வளவு என்று தெரியும். பத்திரத்தில் எங்கும் எழுதப்படாத தொகை அது. ஆகவே அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பதால் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வருமானம் தராத சொத்து என்பதும் சரியன்று. முதுநகரில் அதே அளவு வீட்டுக்கு என்ன வாடகை என்று விசாரியுங்கள். அம்மா கொடுக்க வேண்டியிராத அந்தத் தொகையே வீடு மாதந்தோறும் தரும் வருமானம்.

இப்போது செய்ய வேண்டியவை வேறு. வாரிசுச் சான்று பெற்று, பட்டாவையும் சொத்து வரியையும் மூவர் பெயருக்கு மாற்றுங்கள். தாமதமானால் பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகளும் தங்கையின் பிள்ளைகளும் அலைய நேரிடும். 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30-இல் தானேயையும் 2015 வெள்ளத்தையும் கண்ட ஊர் இது. எனவே பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியை, நிலத்தின் விலையைச் சேர்க்காமல், கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுங்கள். பராமரிப்புக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகையை நீங்களும் தங்கையும் பேசி ஒதுக்குங்கள். உங்கள் 14 லட்சத்தில் ஆறு மாதச் செலவை வைப்பு நிதியில் வைத்துவிட்டு, மீதியோடு மாதச் சேமிப்பையும் கூட்டி, உங்கள் சம்பளம் தாங்கும் விலையில் சிறிய வீட்டை நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் பாருங்கள். அதுவரை வாடகை வீட்டில் இருப்பதில் குறைவொன்றும் இல்லை.

அம்மாவே ஒரு நாள், இனித் தனியாக இருக்க முடியாது, வருகிறேன் என்று சொன்னால் அப்போது விற்பதைப் பேசலாம். அன்றும் புதிய வீட்டின் பத்திரத்தில் அவர் போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கு அவர் பெயரில் இருக்க வேண்டும். தங்கையின் பங்கு தங்கையின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போக வேண்டும். இப்போது வந்திருப்பவரிடம் முன்பணம் எதுவும் வாங்கியிருந்தால், விற்பனை ஒப்பந்தம் எழுதும் முன்பே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.