தியோடர் ஹெர்சலின் வாழ்க்கையை வியன்னா தெருக்களில் நடந்தே பார்க்க முடியுமா?

கேள்வி இது: "யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தைத் தொடங்கிய தியோடர் ஹெர்சல் வியன்னாவில் வாழ்ந்தவர் என்று படித்தேன். அவர் வாழ்க்கையைத் தெருத்தெருவாக நடந்து பார்க்க வழி இருக்கிறதா? எங்கே தொடங்குவது?"

இருக்கிறது. ஒரு முழு நாள் ஒதுக்கினால் போதும். வேலை காரணமாக நான் இங்கே வசிப்பதால், வரும் நண்பர்களில் வரலாற்றுப் பித்து உள்ளவர்களை இந்த வழியாக அழைத்துப் போவது வழக்கம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் ஹெர்சல் என்று தேடினால் பார்க்ரிங் சாலையோரம் தியோடர் ஹெர்சல் சதுக்கம் வரும், பழைய நகருக்குள் தியோடர் ஹெர்சல் படிக்கட்டு வரும். இரண்டும் அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்துச் சூட்டிய பெயர்கள். அங்கே அவர் வாழ்வில் எதுவும் நடக்கவில்லை. நேரம் மிஞ்சினால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஷோட்டன்டோர் நிலையத்தில் இறங்கி நடையைத் தொடங்குங்கள். ஹெர்சல் பிறந்தது 1860-இல், இன்றைய புடாபெஸ்டின் பெஸ்ட் பகுதியில். 1878-இல் அக்கா பாலின் காய்ச்சலில் இறந்தார். அந்தத் துக்கத்தோடு குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. மகன் இங்கே சட்டம் படித்து 1884-இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் அவர் மனம் முழுக்க நாடகத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து, பழைய நகரைச் சுற்றிப்போகும் ரிங் சாலையில் சிறிது தூரம் நடந்தால் பர்க் தியேட்டர். ஜெர்மன் மொழி நாடகக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது. 1889-இல் அவர் நாடகம் அங்கே மேடையேறியது. நாடு கேட்டுப் புறப்பட்ட மனிதர் என்ற நினைப்போடு அல்ல, வியன்னாக்காரராகப் பெயர் வாங்கத் துடித்த ஒருவர் என்ற நினைப்போடு இந்த நடையைத் தொடங்குங்கள். அப்போதுதான் மற்ற இடங்கள் பொருள்படும்.

மாணவராக இருந்தபோது ஆல்பியா என்ற ஜெர்மன் தேசிய மாணவர் சங்கத்தில் சேர்ந்து, அவர்கள் வழக்கப்படி வாள்சண்டையும் போட்டவர் அவர். 1883-இல் இசையமைப்பாளர் வாக்னருக்கு நடந்த நினைவுக் கூட்டம் யூத வெறுப்புக் கூட்டமாக மாறியதும் சங்கத்துக்கு விலகல் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் இருக்கும் ரிங் சாலைப் பகுதிக்கு 2012 வரை கார்ல் லூகர் பெயர் இருந்தது. யூத வெறுப்பைத் தேர்தல் சரக்காக்கி நகர மேயரானவர் லூகர். பேரரசர் பிரான்ஸ் ஜோசப் திரும்பத் திரும்ப மறுத்து, 1897-இல்தான் அவர் பதவிக்கு ஒப்புதல் கொடுத்தார்.

1895 செப்டம்பரில், நகராட்சித் தேர்தல் அன்று மாலை, ஹெர்சல் ஒரு வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றிருந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கூட்டம் பேச்சற்று இறுக்கமாக நிற்கிறது. லூகர் வெளியே வந்ததும் ஆரவாரம். சன்னல்களில் பெண்கள் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டுகிறார்கள். பக்கத்தில் நின்றவர் கத்தவில்லை, "இவர்தான் நம் தலைவர்" என்று கனிவாக, தணிந்த குரலில் சொல்கிறார். எல்லா வசைகளையும்விட அந்த ஒரு வரிதான் வெறுப்பு எவ்வளவு ஆழத்தில் வேரோடியிருக்கிறது என்று தனக்குக் காட்டியதாக ஹெர்சல் குறித்துவைத்தார். பாரிஸில் பத்திரிகை நிருபராக இருந்தபோது யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் மீது பொய்யாகப் போட்ட தேசத்துரோக வழக்கைக் கண்டுதான் அவர் மாறினார் என்று எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுவார்கள். பாரிஸின் பங்கை மறுக்கவில்லை, திட்டத்தை எழுதத் தொடங்கியதே அங்கேதான். ஆனால் இந்த ஊரைச் சுற்றிப் பார்த்தபின் பாரிஸ் மட்டும் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து ஸ்டீபன் தேவாலயம். சுற்றுலாக்காரர்கள் கூரையைப் படமெடுக்கும்போது நீங்கள் வாசலைப் பாருங்கள். 1893 வாக்கில் ஹெர்சலுக்கு ஒரு யோசனை வந்தது: ஆஸ்திரியாவின் யூதர்கள் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், மணியோசை முழங்க, ஊர்வலமாக இந்தத் தேவாலயத்துக்கு வந்து பகிரங்கமாக ஞானஸ்நானம் பெறுவது! தலைவர்கள் மட்டும் யூதர்களாகவே வாசல் வரை வந்து நின்றுவிடுவார்களாம். அவர் வேலை பார்த்த பத்திரிகையின் ஆசிரியர் பெனடிக்ட், அவரும் யூதர், நூறு தலைமுறை காத்ததை நீங்கள் ஒருவர் கரைத்துவிட முடியாது என்ற பொருளில் அதைத் தட்டிக்கழித்தார். பிறகு ஹெர்சலே இதை நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதிவைத்தார். மூன்றே ஆண்டுகளில் அதே மனிதர் தனி நாடு கேட்டு எழுதினார்.

அந்த எழுத்து வெளிவந்த இடம், ஷோட்டன்டோரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேரிங்கர் ஸ்ட்ராசே 5. பிரைட்டன்ஸ்டைன் என்பவரின் பதிப்பகமும் புத்தகக் கடையும் அங்கே இருந்தன. பெரிய பதிப்பாளர்கள் கைவிரித்த 'யூத அரசு' என்ற சிறு நூலை 1896 பிப்ரவரியில் அவர்தான் வெளியிட்டார். ஆசிரியருக்கான 500 பிரதிகள் மூட்டையாக அறைக்கு வந்து இறங்கியபோது தான் ஆடிப்போனதாக ஹெர்சல் எழுதுகிறார். இனி பின்வாங்க முடியாது அல்லவா?

அதே சாலையில் மேலே போய் வலப்பக்கம் திரும்பினால் பெர்க்காசே. சரிவான தெரு. 19-ஆம் எண் வீட்டில் உளப்பகுப்பாய்வு முன்னோடி சிக்மண்ட் ஃபிராய்டின் அருங்காட்சியகம் இருப்பதால் எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு. சரிவின் மேல்பக்கம் 6-ஆம் எண்ணை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஹெர்சல் 1896 முதல் சில ஆண்டுகள் அங்கே குடியிருந்தார். 1898 ஜனவரியில் லியோபோல்ட்ஸ்டாட் பகுதியிலிருந்த கார்ல் தியேட்டரில் 'புதிய கெட்டோ' என்ற அவரது நாடகம் நடந்தது (கெட்டோ என்றால் யூதர்களை ஒதுக்கிவைத்த குடியிருப்பு). பார்த்துவிட்டுப் போன ஃபிராய்டுக்கு அன்று ஒரு கனவு வந்தது. சொந்த நாடு என்று ஒன்றைக் கொடுக்க முடியாத பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய கவலை அது என்று தன் கனவு நூலில் அவரே விளக்கியிருக்கிறார். அந்த அரங்கத்தை 1951-இல் இடித்துவிட்டார்கள்.

இனி ஹெர்சலின் இரட்டை வாழ்க்கை. பகலில் அவர் 'நோய ஃபிரைய பிரெஸ்ஸ' என்ற, ஐரோப்பாவே படித்த நாளிதழின் இலக்கியப் பகுதி ஆசிரியர். அலுவலகம் ஃபிக்டேகாசேயில், ரிங் சாலையை ஒட்டி. உரிமையாளர்கள் யூதர்கள், நம்பிக்கையோ ஆஸ்திரிய நாகரிகத்தின் மேல். ஹெர்சல் உயிரோடு இருந்தவரை அந்தப் பத்திரிகை சியோனிசத்தைப் பற்றி ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. அதனால் 1897 ஜூனில் சொந்தப் பணத்தைப் போட்டு 'டி வெல்ட்' என்ற வார இதழைத் தொடங்கினார். இடைக்காலத்தில் யூதர்கள் அணியக் கட்டாயப்படுத்தப்பட்ட அடையாளத்தின் மஞ்சள் நிறத்தையே அட்டைக்கு வைத்தார். அதன் முகவரி டான்யூப் கால்வாய்க்கு அப்பால், எளிய யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், ரெம்ப்ராண்ட் ஸ்ட்ராசே 11. ஃபிக்டேகாசேயிலிருந்து அங்கே நடந்து போங்கள். பளிங்கு முகப்புகள் குறைந்து சாதாரணக் குடியிருப்புகள் தொடங்கும். சம்பளம் கொடுத்த தெருவுக்கும் ஆதரவு கொடுத்த தெருவுக்கும் இடையே அவர் தினமும் கடந்த தூரம் அது. அந்த ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முதல் சியோனிச மாநாட்டை நடத்திவிட்டுத் திரும்பியவர், மறுபடி அதே மேசையில் உட்கார்ந்து கட்டுரைகளைத் திருத்தினார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஷில்லர் சதுக்கம். அங்கே மாடி வீடொன்றில் வில்லியம் ஹெக்லர் இருந்தார். பிரிட்டிஷ் தூதரகப் பாதிரியார். பிறந்தது நம் காசியில், மிஷனரி ஒருவரின் மகனாக. நூல் வந்த அடுத்த மாதமே தானாக ஹெர்சலைத் தேடிப் போனார். பதில் மரியாதைக்கு ஹெர்சல் ஒரு ஞாயிறு பிற்பகல் இங்கே வந்தார். படியேறும்போதே ஆர்கன் ஓசை. அறையில் தரையிலிருந்து கூரை வரை பைபிள்கள். ராணுவ வரைபடம் ஒன்றைப் பாதிரியார் விரித்தார். நான்கு தாள்கள், தரை முழுவதும் பாலஸ்தீனம். யூதர்களின் புதிய ஆலயம் எங்கே எழ வேண்டும் என்றுகூட விரல் வைத்துக் காட்டினார். ஹெர்சலுக்கு உள்ளூரச் சிரிப்பும் சந்தேகமும் இருந்தன. ஆனால் பாடன் நாட்டுக் கோமகனிடமும் அவர் வழியாக ஜெர்மன் பேரரசரிடமும் கதவைத் திறந்துவிட்டது இந்த விசித்திர மனிதர்தான்.

தரையில் விரித்த அந்த வரைபடத்தில் ஆட்கள் தெரிய மாட்டார்கள். 1899 மார்ச்சில் ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் ஜியா அல்-காலிதி, பிரான்சின் தலைமை ரபி (யூத மதகுரு) வழியாக ஒரு கடிதம் அனுப்பினார். யூதர்களின் துன்பமும் அந்த மண்ணோடு அவர்களுக்குள்ள உறவும் தனக்குப் புரிகிறது, ஆனால் அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்கிறார்கள், கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை நிம்மதியாக விடுங்கள் என்றார். ஹெர்சல் பணிவாகப் பதில் எழுதினார்: யூதக் குடியேற்றம் எல்லோருக்கும் செல்வம் கொண்டுவரும், யாரும் அஞ்ச வேண்டாம் என்று. வியன்னாவின் மேசையிலிருந்து பார்த்தால் அது எளிதாகத் தெரிந்திருக்கும். காலிதியின் கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது என் கருத்து. ஹெர்சலின் தடத்தில் நடப்பவர்கள் இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டு வருவது நல்லது.

கடைசி வீடு ஹைட்சிங்கர்காசே 29, தோட்ட வீடுகள் நிறைந்த வேரிங் பகுதியில். இதயம் பழுதடைந்த நிலையில், மலையடிவாரத்து எட்லாக் என்ற சிற்றூரில் 1904 ஜூலை 3 அன்று காலமானார். வயது 44. ஏழைகளுக்குச் செய்வது போன்ற எளிய அடக்கம் போதும், பேச்சும் பூவும் வேண்டாம் என்று உயில் எழுதியிருந்தார். யூத மக்கள் தன் உடலைப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுபோகும் நாள் வரை தந்தையின் அருகே இருக்கட்டும் என்பதும் அதில் இருந்தது. டோப்ளிங் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1949 ஆகஸ்டில் உடலை எடுத்து ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார்கள். குடும்பக் கல்லறைக் கல் மட்டும் இங்கே இருக்கிறது. இளைய மகள் ட்ரூடாவுக்குக் கல்லறை எங்குமே இல்லை; 1943-இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார்.

சில நடைமுறைக் குறிப்புகள். வீடுகள் எல்லாம் தனியார் குடியிருப்புகள், வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அழைப்பு மணியைத் தொடாதீர்கள். டோப்ளிங் கல்லறைக்கு ஷோட்டன்டோரிலிருந்து 40ஏ பஸ். பழைய நகரின் சைட்டன்ஸ்டெட்டன்காசேயில் 1826-இல் கட்டிய யூத ஜெப ஆலயத்தையும் பார்க்க விரும்பினால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், பாதுகாப்புச் சோதனை கடுமை. சனிக்கிழமை வழிபாட்டு நாள், அன்று சுற்றிப் பார்க்க முடியாது. அரை நாள்தான் இருக்கிறது என்றால் வேரிங்கர் ஸ்ட்ராசே, பெர்க்காசே, ரெம்ப்ராண்ட் ஸ்ட்ராசே மூன்றையும் நடந்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை ஷில்லர் சதுக்கத்துக்குக் கொடுங்கள்.