லேவியராகமத்தில் நின்றுபோன சகோதரருக்கு

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கிய வாசிப்பு, மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிட்டதாகவும், அதிகாலையில் ஜெபித்தாலும் கடவுள் எதையும் கற்பிப்பதாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கிளிநொச்சியில் வயல் செய்யும் எனக்கும் அதே இடத்தில்தான் வாசிப்பு நின்றது. அங்குள்ள பலிகளின் ஒழுங்குகளை விளக்கம் இல்லாமல் தனியே கடப்பது கடினம்; அதை உங்கள் பக்திக் குறைவாக எண்ண வேண்டாம்.

இப்போதைக்கு, 16 அதிகாரங்களே கொண்ட மாற்கு சுவிசேஷத்தை எடுத்து, நாளொன்றுக்கு ஒரு நிகழ்ச்சி மட்டும் வாசியுங்கள். 119ஆம் சங்கீதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: அதன் 176 வசனங்கள் எபிரெய எழுத்துகளின் வரிசைப்படி எட்டெட்டாக 22 பகுதிகளாய் அமைந்திருப்பதால், தினம் ஒரு பகுதி போதும்.

ஜெபத்தில் நாமே பேசி முடித்து எழுந்துவிடுகிறோம் (நான் பல வருடம் அப்படித்தான்). சிறுவன் சாமுவேலும், கடவுள் கூப்பிட்டதை ஆசாரியன் ஏலி கூப்பிட்டதாக எண்ணி மூன்று முறை அவரிடம் ஓடிய பிறகுதான் கடவுளிடம் “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்றான். நான் விடியற்காலையில் ஒரு வசனத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய், வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை வரப்பில் இருந்து அதையே யோசிப்பேன். ஒருநாள் அது மத்தேயு 5:23-24 ஆக இருந்தது: காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் பகுதி. தண்ணீர் முறைக்காகப் பக்கத்து வயல்காரரோடு இரண்டு போகமாகப் பேசாதிருந்த நான், அன்று என் முறை முடியுமுன்பே மடையை அவர் பக்கம் திறந்துவிட்டேன்.

லேவியராகமத்துக்கு, அந்தப் பலிகளின் பொருளை விளக்கும் எபிரெயர் நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறுவடை முடியத் திரும்பிப் போகலாம்.