ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தொண்டு செய்யக் கடவுள் நம்பிக்கை எதற்கு?

ஏழைகளுக்கு உதவ மனிதாபிமானமே போதாதா, அதற்குக் கடவுள் நம்பிக்கை எதற்கு என்றும், கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தொண்டர் எனப்படுபவரின் வேலைதான் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு, போதும் என்பதே என் விடை. கோயில் வாசலையே மிதிக்காத தொழிற்சங்கத் தோழர் ஒருவர் என்னைவிட நன்றாகத் தொண்டு செய்வதை நான் பார்த்துவருகிறேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கை ஏன் தேவைப்படுகிறது என்பதை உங்கள் இரண்டாவது கேள்வியின் வழியாகத்தான் சொல்ல முடியும்.

நான் திருத்தொண்டராக அருள்பொழிவு பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. தென்மாவட்டம் ஒன்றில், உப்பளங்களை ஒட்டிய ஒரு பங்கில் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் திருச்சபைப் பகுதி) பணி செய்கிறேன். திருமணமானவர்களும் வாழ்நாள் முழுவதும் திருத்தொண்டர்களாக இருக்கும் பழைய வழக்கத்துக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் மீண்டும் வழி திறந்தது என்றாலும், தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் குருவாவதற்கு முந்தைய படியாகவே இருக்கிறது. நான் நற்செய்தி வாசிக்கலாம், மறையுரை ஆற்றலாம், திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், இறந்தவரை அடக்கம் செய்யலாம். திருப்பலி நிறைவேற்றவோ, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கவோ, நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதல் கொடுக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. நேற்றுவரை 'பிரதர்' என்று அழைத்தவர்கள் இன்று 'சாமி' என்கிறார்கள். உண்மையில் நான் பாதிச் சாமிதான்.

இந்தப் பணி பிறந்த கதை விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமின் முதல் கிறிஸ்தவர்களிடையே, கிரேக்க மொழி பேசியவர்களின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அதை அடக்கவில்லை. மக்களையே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் முறையிட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்திப் பொறுப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். (அந்த நூல் இவர்களைத் 'திருத்தொண்டர்கள்' என்று பெயர் சொல்லி அழைக்கவில்லை, மரபுதான் இவர்களை எங்கள் முன்னோடிகளாகக் கொள்கிறது.) தமிழில் வாசிக்கிறவர்களுக்குப் 'பந்தி' என்ற சொல்லுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. யாருக்கு முதல் பந்தி, யாருக்குக் கடைசிப் பந்தி, யாருக்குப் பந்தலுக்கு வெளியே இலை என்பதெல்லாம் நம் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் கணக்கு.

நான் இந்தப் பங்குக்கு வந்த இரண்டாம் மாதத்தின் முதல் வெள்ளியன்று, பங்கில் குருவுக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரின் நோட்டில் இருந்த பெயர்களின்படி நோயாளிகளுக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுபோனேன். பதினான்கு வீடுகள், சிமிழிலும் சரியாகப் பதினான்கு அப்பங்கள். பன்னிரண்டாவது வீட்டைவிட்டு இறங்கும்போது ஒரு சிறுவன் வழிமறித்து, "எங்க ஆச்சிக்கும் குடுப்பீங்களா சாமி?" என்று கேட்டான். அவன் கூட்டிப்போன தெரு நோட்டில் இல்லை. நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்த அந்த மூதாட்டி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இந்தத் தெருவுக்கு நன்மை வந்து நாலு வருசம் ஆச்சு" என்பதுதான். நற்கருணையைத்தான் எங்கள் ஊரில் 'நன்மை' என்பார்கள். பிறகு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை, பங்குச் சாமியை அழைத்துவருகிறேன் என்றேன். "அப்ப சும்மா உக்காந்து கேளுங்க" என்றார்.

சும்மா உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னவற்றில் பாவம் ஒன்றுகூட இல்லை; எல்லாம் குறைகள். நாற்பது ஆண்டுகள் உப்பு அள்ளியதில் விரல் ரேகைகள் தேய்ந்துபோய், ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழுவதில்லை. கடைவரை நடக்கவும் இப்போது தெம்பில்லை. திருவிழாச் சப்பரம் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. தெரு குறுகலானது என்று காரணம் சொல்கிறார்களாம். "தண்ணி லாரி உள்ள வருது, அந்தோணியார் வர முடியாதா?" என்று அவர் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. இருந்த இரண்டு அப்பங்களில் ஒன்றைப் பிட்டுப் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதியோடு எஞ்சிய இரண்டு வீடுகளுக்கும் போய்வந்தேன்.

அந்தத் தெரு நோட்டில் ஏன் இல்லை என்று விசாரித்தால், யாரும் வேண்டுமென்று விட்டதாகத் தெரியவில்லை. பங்கு அலுவலகத்துக்கு வந்து கேட்டவர்களின் பெயரை உபதேசியார் எழுதியிருக்கிறார். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் அந்தத் தெருப் பெண்கள் உப்பளத்தில் இருப்பார்கள். எருசலேம் கைம்பெண்களுக்கும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. யாரும் யாரையும் வெறுக்காமலேயே, பழைய ஒழுங்கு தன்பாட்டுக்கு ஓடியே ஒரு தெருவை அழித்துவிட முடிகிறது.

ரேஷன் விஷயத்தில் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கடைக்குப் போக இயலாதவர்கள் தம் சார்பில் வேறொருவரை அனுப்புவதற்குப் படிவம் இருக்கிறது என்பதே, குருமடத்தில் மூன்றாண்டு மெய்யியலும் நான்காண்டு இறையியலும் படித்த எனக்குத் தெரியாது. முதலில் சொன்ன தோழர்தான் எழுதிக் கொடுத்து, இரண்டு முறை அலுவலகத்துக்கு அலைந்தும் வந்தார். 'கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்' என்றேன். 'அடுத்த தெருவிலும் மூணு பேருக்கு இருக்கு, வாங்க' என்றார்.

சப்பரம்தான் கடினம். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்காடிப் பார்த்தார்கள். தனியிட உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். சுவர் போய் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சப்பரம் திரும்பும் முனைகள் இருக்கின்றன. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பெரும்பாலும் இந்துக்களுக்கே பட்டியல் சாதித் தகுதியைக் கொடுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அந்த ஆணையை எதிர்த்து நாங்கள் ஆண்டுதோறும் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம், அது நியாயம்தான். ஆனால் அரசிடம் கேட்கும் அந்தக் கேள்வியைப் பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவையில் கேட்பதற்குள் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

எனக்கு அடைத்துக்கொண்டது. சப்பரத்தின் பாதையைப் பற்றிப் பேரவையில் பேச்சு வந்தபோது, 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று முடித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. குருப்பட்டம் நெருங்குகிறது, பெயர் கெடக்கூடாது என்ற நினைப்பு. அந்த மூதாட்டியின் மீது எனக்கு இரக்கம் நிறையவே இருந்தது. அவர் கட்டிலருகே கண்கலங்கியவன்தான் நான். அந்த இரக்கம் பேரவை அறைவரை என்னோடு வரவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இங்கேதான் இருக்கிறது. அருள்பொழிவின்போது ஆயர் நற்செய்தி நூலைக் கையில் கொடுத்து, வாசிப்பதை நம்பவும், நம்புவதைப் போதிக்கவும், போதிப்பதை வாழவும் சொல்கிறார். பேரவை கூடிய அன்று இரவு நான் தூங்கவில்லை. மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், 'நான் பசியாய் இருந்தபோது எனக்கு உணவு கொடுத்தீர்கள்' என்று இயேசு சொல்லும்போது, பசித்தவருக்கு உணவளித்தவர்கள் 'ஆண்டவரே, எப்போது உம்மைக் கண்டோம்?' என்று வியப்போடு கேட்கிறார்கள். அவர்கள் கடவுளுக்கென்று நினைத்துச் செய்யவில்லை. தோழரை நான் அந்தக் கூட்டத்தில்தான் வைக்கிறேன். எனக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. கட்டிலில் கிடப்பவர் யார் என்று தெரிந்தே, அறிக்கையிட்டே இந்த உடுப்பைப் போட்டிருக்கிறேன். என் நம்பிக்கை எனக்குக் கூடுதலாக ஒரு துளி இரக்கத்தையும் தரவில்லை. நான் பேசாமல் இருந்த அந்த ஐந்து நிமிடங்களை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது.

இப்போது நோட்டில் அந்தத் தெருவிலிருந்து ஆறு பெயர்கள் ஏறியிருக்கின்றன. பங்குச் சாமி வந்து ஆச்சிக்குப் பாவசங்கீர்த்தனமும் நோயில்பூசுதலும் கொடுத்தார். முதல் வெள்ளிச் சந்திப்பை மாலைக்கு மாற்றி, அந்தத் தெருவிலிருந்தே தொடங்குகிறோம். அடுத்த பேரவைக் கூட்டத்துக்குச் சப்பரப் பாதையைப் பேசுபொருளாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதும்போது கை நடுங்கியது உண்மை. ஒவ்வொரு முறை போகும்போதும் ஆச்சி "என்ன சாமி, கேட்டீங்களா?" என்கிறார். இன்னும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.