பழைய பைப்பர் கப்பைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றுவது: கேள்வி பதில்

அமெரிக்காவில் துணி போர்த்திய பழைய சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற மெக்கானிக் நான். பைப்பர் ஜே-3 கப், ஏரோன்கா சாம்ப் போன்றவற்றை வாங்கித் தாங்கள் வசிக்கும் ஊருக்குக் கொண்டுவர நினைக்கும் இங்குள்ள நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: பென்சில்வேனியாவில் 1946 கப் ஒன்றுக்கு விலை பேசி முடித்துவிட்டேன். இறக்கையைக் கழற்றியே ஆக வேண்டுமா?

சாலை வழி என்றால் ஆமாம். நுனிக்கு நுனி 35 அடி 3 அங்குலம். தனி அனுமதி இல்லாமல் நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு 102 அங்குல அகலம்தான் வரம்பு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். ஆண்டுப் பரிசோதனை காலாவதியானது மட்டும்தான் குறை, மற்றபடி பறக்கும் நிலையில் இருக்கிறது என்றால், ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, அமெரிக்க அரசின் விமானத் துறையான எஃப்ஏஏவிடம் சிறப்புப் பறப்பு அனுமதி வாங்கிப் பறந்தே கொண்டுவரலாம். பழைய விமானத்துக்குப் பறப்பதைவிட டிரெய்லர் பயணம்தான் அதிகச் சேதம் தரும். ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் தூங்கியது என்றால் பறக்கும் பேச்சே வேண்டாம், கழற்றுங்கள்.

கேள்வி: இறக்கையை டிரெய்லரில் எப்படி வைப்பது அண்ணா? படுக்க வைக்கலாமா?

படுக்க வைக்காதீர்கள். நிற்க வையுங்கள், முன்விளிம்பு கீழே, பின்விளிம்பு மேலே. பின்விளிம்பு மெல்லிய தகடு. ஒருவர் கையை ஊன்றினாலே வளைந்துவிடும். கப்பின் இறக்கை முன்னிருந்து பின்னுக்கு 63 அங்குலம்தான், அதனால் உடலின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக நிறுத்த இடம் கிடைக்கும்.

இறக்கையின் பாரம் முழுக்க ஓடுவது அதன் நீளத்துக்கு ஓடும் இரண்டு உத்திரங்களில், அதாவது ஸ்பார்களில். குறுக்கே விலா எலும்பு போல இருக்கும் ரிப்கள் வடிவத்துக்காக இருப்பவை, பாரம் தாங்க அல்ல. ஆகவே அகலமான கம்பளப் பட்டையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் ஒன்று, ஸ்ட்ரட் (இறக்கையைத் தாங்கும் சாய்வுக் குழாய்) மாட்டும் இடத்துக்கு நேராக ஒன்று என இரண்டு இடங்களில் முன்விளிம்பை உட்கார வையுங்கள். பக்கவாட்டில் சாயாதபடி, உடலில் மாட்டும் ஸ்பார் முனைகளை டிரெய்லரில் அடித்த மரச்சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள். சட்டத்தை விமான உடலோடு கட்டாதீர்கள். இரண்டும் வேறு வேறு தாளத்தில் ஆடும்.

இன்னொன்று பலர் கவனிக்காதது: அடிப்பக்கம் முன்னோக்கி இருந்தால் அந்த வாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து துணியை உப்ப வைக்கும். பிளைவுட் வைத்து அடைத்துவிடுங்கள்.

கழற்றும்போது ஸ்ட்ரட்டை எடுத்த நொடியிலிருந்து நுனியை ஒருவர் தாங்கியே இருக்க வேண்டும். அடிப்பக்க போல்ட் இருக்கும்போதே நுனி கீழே தொங்கினால் அதைப் பிடிக்கும் ஃபிட்டிங் வளையும். நாலு பேர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: துணி கீறாமல் இருக்க விமானத்தைப் போர்வையால் சுற்றலாமா?

கூடாது. போர்வைக்கும் துணிக்கும் நடுவே சாலைத் தூசி புகுந்து, மைல் கணக்கில் உரசி, உப்புத்தாள் போலப் பெயின்ட்டைத் தின்றுவிடும். தொடும் இடத்தில் மட்டும் சுத்தமான கம்பளம், அதுவும் நகராதபடி.

கேள்வி: பக்கத்து ஹேங்கர் பெரியவர் ஒருவர் கப்பின் வாலைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கட்டி, சொந்தச் சக்கரத்திலேயே இழுத்து வந்தாராம். எதற்கு டிரெய்லர் செலவு?

அந்தக் காலத்தில் செய்தார்கள். விமான நிலையத்துக்குள் நடைவேகத்தில் இன்றும் செய்யலாம். சாலையில் வேண்டாம். அந்தச் சக்கரமும் பேரிங்கும் புல்தரையில் சிறிது தூரம் ஓடச் செய்தவை, மணிக்கணக்கில் தாரில் உருள அல்ல. பிரேக் விளக்கு கிடையாது. வால் முன்னால் போவதால் காற்று பின்னாலிருந்து அடித்து, வாலில் ஆடும் ரட்டர், எலிவேட்டர் பலகைகளின் கீல்களைப் பிடித்து உலுக்கும்.

கேள்வி (அதே நபர்): கப் தரையிறங்குவதே மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்தானே? அதே வேகத்தில் இழுத்தால் சக்கரம் தாங்காதா?

நியாயமான கேள்வி. தரையிறங்கும்போது தொட்ட உடனேயே வேகம் குறைந்துவிடுகிறது. பேரிங் சூடாக நேரமே இல்லை. இழுக்கும்போது அந்தச் சூடு ஆற வழியே கிடையாது. தவிர, தரையிறங்கும் விமானத்தை விமானி நேராக வைத்திருக்கிறார். வண்டிக்குப் பின்னால் ஒவ்வொரு வளைவிலும் வாலில் பக்கவாட்டு இழுப்பு விழுகிறது. பின்பகுதிக் குழாய்கள் எவ்வளவு மெல்லியவை என்று துணியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: மேலே நடக்கும் வாதத்தில் என் பங்கு. டிரெய்லரிலேயே வாலை முன்னால் வைத்து ஏற்றினால் என்ன? ஏற்ற அதுதான் சுலபம்.

ஏற்றச் சுலபம், ஓட்ட ஆபத்து. விமானத்தின் கனமெல்லாம் மூக்கில், இன்ஜினில். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். இன்ஜின் பின்னால் போனால் கொக்கி லேசாகி டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். விமானம் 350 கிலோதானே என்பார்கள். மரச்சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், எடை எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். மூக்கு முன்னால், காற்று தன் வழக்கமான திசையில், ரட்டர், எலிவேட்டர் போன்ற ஆடும் பலகைகளைக் கழற்றியோ, ஆடாதபடி வெளியிலிருந்து பூட்டியோ வையுங்கள். வால் பின்னால் நீண்டால் சிவப்புக் கொடி கட்டுங்கள்.

இதற்கு மேல் சொந்தச் சக்கர வாதத்தைத் தொடர வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ராட்செட் பட்டையை எங்கே மாட்டுவது?

சக்கர அச்சிலும், கியர் (சக்கரத்தைத் தாங்கும் கால்) உடலோடு சேரும் இடத்திலும். உடலின் மேலே குறுக்காகப் போட்டு இறுக்கினால் உள்ளே குழாய் நசுங்கும். புறப்பட்டுச் சில மைலிலேயே நிறுத்தி இறுக்கத்தைப் பாருங்கள்; பிறகு மணிக்கு ஒருமுறை.

கேள்வி: மழை வந்தால்? தார்ப்பாய் போடலாமா?

போர்வைக்குச் சொன்னதுதான், இன்னும் மோசம். படபடத்துக் கண்ணாடியையும் துணியையும் கிழிக்கும். நனையட்டும். மழையில் நிற்கத்தானே துணிக்கு டோப் என்ற பூச்சைப் பூசியிருக்கிறார்கள்!

கேள்வி: கேபிள், போல்ட் எல்லாம் குழம்பாமல் இருக்க?

கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிளைத் திறக்கும் முன் படம் எடுங்கள், இரு முனையிலும் பெயர்ச்சீட்டு கட்டுங்கள். பூட்டும்போது, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் எல்லாம் புதிது.

கேள்வி: நானே பூட்டிப் பறக்கலாமா? விமானி உரிமம் இருக்கிறது.

மெக்கானிக்கின் மேற்பார்வையில் வேலை செய்யலாம். ஆனால் அவர் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். விமான உரிமையாளர் தானே செய்யலாம் என்ற பட்டியலில் இறக்கை மாட்டுவது கிளைடருக்கு (இன்ஜின் இல்லாத விமானம்) மட்டும்தான் உண்டு. அதன்பின் முதல் பறப்பில் பயணி யாரையும் ஏற்றாதீர்கள். ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் ஆடும் பலகை) கேபிள் தலைகீழாக மாட்டியிருந்தால் பலருக்கு அது தெரிவது அப்போதுதான். அதனால் ஓடுபாதைக்குப் போகும் முன்பே, ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் இடது ஐலரான் மேலே எழுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஸ்ட்ரட் கையில் இருக்கும்போதே துருவையும் பார்த்துவிடுங்கள். பைப்பர் ஸ்ட்ரட் உள்ளிருந்து துருப்பிடிப்பதைப் பற்றி எஃப்ஏஏவின் கட்டாய உத்தரவே உண்டு, எண் 2015-08-04. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே அரித்திருக்கும்.

கேள்வி: இந்தியாவில் பழைய புஷ்பக் விமானத்தை லாரியில் கொண்டுபோகவும் இதே முறையா?

எச்ஏஎல் நிறுவனம் 1958இல் பறக்கவிட்ட புஷ்பக்கும் ஏரோன்கா சீஃபை ஒத்த, மேலே இறக்கை வைத்த துணி விமானம்தான். தாங்கும் முறை அதேதான். சாலை அனுமதி, இந்திய விமானத் துறையான டிஜிசிஏவின் காகிதங்களுக்கு அங்கே உள்ள பொறியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: லாரி கம்பெனியிடம் கொடுத்தால் எவ்வளவு ஆகும்?

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். விமானம் ஏற்றிப் பழக்கம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, பழைய மெத்தை விரிப்பால் இறக்கையை மட்டும் சுற்றினால்?

கூடாது. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: பெட்ரோலும் பதிவேடுகளும்?

கப்பின் 12 காலன் தொட்டி டாஷுக்கு முன்னால் உடலிலேயே இருக்கிறது. வெளியில், திறந்த இடத்தில், உலோகக் கேனை விமானத்தோடு கம்பியால் இணைத்துவிட்டு முழுக்க வடியுங்கள். பதிவேடுகளை டிரெய்லரில் வைக்காதீர்கள், காரில் உங்களோடு வரட்டும்.