எகிப்து கோயில்களைப் பார்க்க வழிகாட்டியுடன் குழுச் சுற்றுலா போகலாமா, தனியாகப் போவது நல்லதா?

முதல் முறை என்றால் குழுவோடு போங்கள். பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ இதைச் சொல்லவில்லை, வழிகாட்டிக்காகச் சொல்கிறேன். அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டிகளில் பலர் பண்டைய எகிப்தைப் பாடமாகவே படித்தவர்கள். அப்படி ஒருவர் உடன் வராவிட்டால் அந்தச் சுவர்களின் அழகு தெரியும், விஷயம் பிடிபடாது.

லக்சர் நகரில் உள்ள கர்னாக் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 134 தூண்கள் நிற்கும் மண்டபத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். நடுவில் இருக்கும் 12 தூண்களும் ஏறக்குறைய 21 மீட்டர் உயரம், கழுத்து தானாகவே அண்ணாந்துவிடும். ஆனால் எங்கள் வழிகாட்டி அதற்கு முன்பே, வாசல் கோபுரத்தின் உள்பக்கம் கிடந்த ஒரு மண்செங்கல் மேட்டின் அருகே எங்களை நிறுத்தினார். அந்தக் கோபுரம் கட்டி முடிக்கப்படவே இல்லையாம். கற்களை மேலே இழுத்துப் போவதற்காகப் போட்ட சரிவுப் பாதையின் மிச்சம்தான் அந்த மேடு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே வேலை நின்றுபோன இடத்தில் நாம் நிற்கிறோம்! தனியாகப் போயிருந்தால் ஏதோ இடிபாடு என்று கடந்து போயிருப்போம்.

அவர் சொன்ன இன்னொன்று எல்லாக் கோயிலிலும் கைகொடுத்தது. வெளிச்சுவர்களில் உருவங்களைக் கல்லுக்குள் குடைந்திருப்பார்கள், உட்சுவர்களில் பெரும்பாலும் புடைப்பாகச் செதுக்கியிருப்பார்கள். வெயில் படும் இடத்தில் குடைந்த கோட்டுக்குள் நிழல் விழுவதால் உருவம் பளிச்சென்று தெரியும். ஹட்செப்சுட் அரசியின் கோயிலில், அவர் உருவம் கொத்தி எடுக்கப்பட்ட இடங்களையும் காட்டினார். அரசிக்குப் பின் ஆண்ட மூன்றாம் துட்மோஸ் மன்னரின் ஆட்சியில் நடந்த வேலை அது. ஆனாலும் பல இடங்களில் உருவத்தின் விளிம்பு அப்படியே தெரிகிறது.

அரசர்களின் கல்லறைகள் இருக்கும் மன்னர்களின் பள்ளத்தாக்கில் மட்டும் கவனம். கல்லறைகளுக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை, வெளியிலேயே படம் காட்டிச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் செல்ஃபி எடுக்கப் போய்விடாதீர்கள். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம். ஆறாம் ராம்சேஸ் மன்னரின் கல்லறைக்குத் தனி டிக்கெட். கொஞ்சம் கூடுதல் செலவானாலும் அதை விடாதீர்கள். உடல் வைத்த அறையின் கூரை முழுக்க நூட் என்னும் வான தேவதை நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கி, காலையில் மறுபடி பெற்றெடுக்கிறாள். அந்த நீலமும் மஞ்சளும் மூவாயிரம் ஆண்டுகள் தாண்டியும் மங்காமல் இருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, குழுவில் என்ன சிக்கல்? நேரம்தான். பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் ஓவியக் கடை, அலபாஸ்டர் கல் சாமான் கடை, அத்தர் கடை என்று நிறுத்தி நிறுத்தியே ஒரு காலைப்பொழுது கரைந்துவிடும். கர்னாக்குக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கும் திட்டத்தை நான் ஏற்கவே மாட்டேன், மூன்று மணி நேரமாவது வேண்டும். மூன்றாம் ராம்சேஸின் மெதினெத் ஹபு கோயிலைப் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. கூட்டம் குறைவு, வண்ணங்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன, கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அபு சிம்பெல் கோயில் அஸ்வான் நகரிலிருந்து சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல், இருட்டிலேயே கிளம்ப வேண்டும். அலுப்புப் பார்க்காமல் போய்விடுங்கள். அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்கவிருந்த மலைக்கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, 1964 முதல் 1968 வரை வேலை செய்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய் மறுபடி சேர்த்திருக்கிறார்கள். அது தெரிந்து பார்க்கும்போது அதைக் கட்டிய இரண்டாம் ராம்சேஸோடு சேர்த்து அந்தப் பொறியாளர்களையும் கும்பிடத் தோன்றும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் தாங்கும். சைவம் என்றால் கொஷாரியும் (அரிசி, பருப்பு, மக்கரோனி கலவை) ஃபூலும் (வேகவைத்து மசித்த ஒரு வகை அவரைக்கொட்டை) எங்கேயும் கிடைக்கும். பக்‌ஷீஷ் என்னும் சிறு இனாம் கொடுக்கச் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டும் முன், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபதைத் தாண்டினால் வேறு குழு தேடுவேன், பின்னால் நிற்பவர்களுக்கு அவர் பேசுவது காதில் விழாது.