40 நாள் கழித்தும் ஏன் தம் கேட்கிறது?

கேள்வி: சிகரெட்டை விட்டு 40 நாள் ஆகிறது. முதல் வாரம் படாதபாடு, அப்புறம் நன்றாகத்தான் இருந்தேன். போன சனிக்கிழமை டீக்கடையில் நண்பர்களோடு நின்றபோது முதல் நாள் மாதிரியே வெறி வந்தது. பற்றவைக்கவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. மறுபடி முதலிலிருந்தா?

பதில்: இல்லை. நீங்கள் பற்றவைக்காத வரை எதுவும் முதலுக்குப் போகாது.

முதல் வாரத்தில் உங்களைப் படுத்தியது நிகோடின் பற்றாக்குறை. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் புகைக்கிறவர்களுக்கு அடுத்தது அவ்வளவு சீக்கிரம் தேவைப்படுகிறது. நிறுத்திய 2, 3 நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பல வருடப் புகையில் மூளையில் பெருகிப்போன நிகோடின் ஏற்பிகள் (நிகோடின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) பழைய அளவுக்கு இறங்க ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் ஆகும். நீங்கள் இப்போதுதான் அந்தக் கட்டத்தை நெருங்குகிறீர்கள்.

சனிக்கிழமை வந்தது பழக்கத்தின் நினைவு. கையில் சூடான டீ, பக்கத்தில் அதே ஆட்கள், அதே வாசனை, இவை சேர்ந்தாலே போதும், உடம்பில் துளி நிகோடின் இல்லாவிட்டாலும் மூளை கேட்கும். இந்த வகை ஆசை நாளாக ஆக அபூர்வமாகும், ஆனால் வருகிற அன்று பழைய வேகத்திலேயே வரலாம், இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் மனம் உடைந்து திரும்பப் பிடிக்கிறார்கள். அதனால் வேகத்தை அளக்காதீர்கள், இடைவெளியை அளந்து பாருங்கள். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இப்போது எத்தனை நாளுக்கு ஒரு தடவை? வருடங்கள் கழித்துக்கூட ஒரு கல்யாண வீட்டிலோ சண்டை போட்ட இரவிலோ எட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் 5 நிமிடம், மிஞ்சினால் 10 நிமிடம். அந்த நேரத்துக்கு இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி காஃபினை வேகமாக வெளியேற்றும். விட்ட பிறகு அதே அளவு டீ, காபி உடம்பில் அதிக நேரம் தங்கிப் படபடப்பைக் கொடுக்கும், அதைத் தம் ஆசை என்று நினைத்துக்கொள்கிறோம். பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டாம். தவிர்க்க முடியாது என்றால் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் வைத்துக்கொள்ளுங்கள் (இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு). காரம் தெரிகிற வரை மென்று கன்னத்தில் ஒதுக்குங்கள், அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். டீ குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது.

"ஒண்ணே ஒண்ணுதானே" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அப்படியே ஒன்று பிடித்துவிட்டாலும், பாக்கெட் வாங்குகிற நிலைக்குப் போவதற்கு முன், அன்றைக்கே 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.