ஆவியாகாது, ஆனால் ஆற்றில் கரையும்: அயனித் திரவங்கள் பற்றிச் சில கேள்விகள்

கரைப்பானாகவும் வினையூக்கியாகவும் பயன்படும் அயனித் திரவங்கள் (திரவமாக இருக்கும் உப்புகள்) பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மணலிக்கும் எண்ணூருக்கும் இடையிலிருந்து வந்தவை. ஆலைப் புகையோடு வாழ்கிறவர்கள் வேதியியலைக் கேள்வி கேட்பது எனக்கு மகிழ்ச்சி.

உப்பு எப்படி சார் திரவமாக இருக்கும்? (மணலி)

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடியமும் குளோரைடும் சின்ன உருண்டைகள். செங்கல் அடுக்கினாற்போல் நெருக்கி உட்கார்ந்துகொள்ளும். வாலும் கோணல் உடம்பும் கொண்ட கரிம அயனியைப் போட்டால் அடுக்கு சரியாக விழாது. 1914-இல் பால் வால்டன் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே உருகிவிடும். 100 டிகிரிக்குக் கீழே உருகும் உப்புகளைத்தான் அயனித் திரவம் என்கிறோம்.

காத்துல கலக்காது, அதனால சுத்தமான கெமிக்கல்னு காலேஜ் படிக்கிற பையன் சொல்றான். ஆத்துக்கு வந்தா? (எண்ணூர், மீனவர்)

ஐயா, கேட்கவேண்டிய கேள்வியே இதுதான். பென்சீன், டொலுயீன் போன்ற ஆவியாகும் கரைப்பான்கள் மாதிரி இவை காற்றில் ஏறுவதில்லை என்பது உண்மை. அந்த ஒரு குணத்தை வைத்தே பல காலம் ‘பசுமை’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இவற்றில் பல தண்ணீரில் தாராளமாகக் கரையும். கழிவுநீரோடு வெளியேறினால் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை, முகத்துவாரம் என்று உங்கள் வலைக்கே வந்து சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெயாவது படகிலும் வலையிலும் கறுப்பாக ஒட்டிக் கண்ணுக்குத் தெரிந்தது. கரைந்த உப்பு தெரியாது.

நச்சு எங்கிருந்து வருகிறது? முதலில் வால். இமிடசோலியம் (நைட்ரஜன் உள்ள வளையம் கொண்ட நேரயனி) வகையில் கார்பன் வாலை நான்கிலிருந்து எட்டு, பத்து என்று நீட்ட நீட்ட, பாக்டீரியாவுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் நச்சு மளமளவென்று ஏறும். வால், செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் சொருகி அதைக் குலைத்துவிடும். அடுத்தது எதிரயனி, அதாவது உப்பின் எதிர் மின்னேற்றம் கொண்ட பாதி. ஹெக்சாபுளோரோபாஸ்பேட் ஈரத்தோடு சூடானால், கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடு வரும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் குடுவையின் உட்புறம் மோர் ஊற்றிக் கழுவாமல் விட்டாற்போல் மங்கிப்போனதைப் பார்த்துத்தான், கண்ணாடி அரிக்கப்படுவதைப் புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்த உப்பை நான் தொடுவதில்லை.

எனவே வாலைக் குட்டையாக வைக்கிறோம்; கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலினை நேரயனியாகவும், அசிட்டேட், லாக்டேட், அமினோ அமிலம் போன்றவற்றை எதிரயனியாகவும் எடுக்கிறோம். நுண்ணுயிர் கடித்துத் துண்டாக்க வசதியாக வாலில் ஓர் எஸ்டர் இணைப்பை (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த, தண்ணீரால் உடையக்கூடிய பிணைப்பு) வைப்பதும் உண்டு. சிக்கலும் அங்கேதான். ஆற்றில் உடைய வேண்டிய அந்த இணைப்பு, அமிலமும் ஈரமும் உள்ள உலைக்குள்ளேயே உடைந்தால், வினையூக்கியாகப் போட்ட அயனித் திரவம் சீக்கிரம் செத்துவிடும். இந்த இழுபறிக்கு எல்லா வினைக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

எஸ்டர் தயாரிக்கக் கந்தக அமிலத்துக்குப் பதில் சல்போனிக் அமிலத் தொகுதியுள்ள அயனித் திரவம் போடுகிறேன். மூன்றாவது சுழற்சியில் விளைச்சல் குறைகிறது. (திருவொற்றியூர், முதுகலை மாணவி)

முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். எஸ்டர் மேலே மிதக்கும், அயனித் திரவம் கீழே தங்கும். வினையில் பிறந்த தண்ணீரும் கீழடுக்கிலேயே ஒளிந்துகொண்டு வினையைப் பின்னுக்கு இழுக்கும். வெற்றிடத்தில் சூடாக்கி, எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் எடை பாருங்கள், தரம்பார்த்து (டைட்ரேஷன் செய்து) அமில அளவையும் குறியுங்கள். எஸ்டர் அடுக்கில் ஏதும் கசிந்திருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மணி நேரம் கழித்து விளைச்சலை அளந்தால், பாதி வினையூக்கி தொலைந்திருந்தாலும் எண் அப்படியே நிற்கலாம். முதல் கால் மணி நேரத்து வேகத்தை அளந்தால்தான் தேய்மானம் தெரியும். பத்து கிராம் உப்பை மீட்க இருநூறு மில்லி டைகுளோரோமீத்தேன் என்ற ஆவியாகும் நச்சுக் கரைப்பானை ஊற்றுகிறவராக இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். விலை கட்டுப்படியாகுமா?

மொத்தக் கரைப்பானாக ஊற்றினால் ஆகாது. பி.ஏ.எஸ்.எஃப் (BASF) என்ற ஜெர்மன் வேதியியல் நிறுவனம் 2002-இல் தொடங்கிய முறையைப் பாருங்கள். வினையில் வரும் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமிலத்தை மெத்தில் இமிடசோல் என்ற காரம் பிடித்துக்கொள்ளும். உண்டாகும் உப்பு 75 டிகிரியில் உருகித் தனி அடுக்காகக் கீழே இறங்கும், வடிகட்டும் வேலையே இல்லை. காரம் சேர்த்தால் மெத்தில் இமிடசோல் திரும்பக் கிடைத்துவிடும். உங்கள் வினையிலும் அப்படித் தானாகப் பிரியுமா என்று ஒரு பிரிபுனலில் (அடியில் குழாய் உள்ள, அடுக்குகளைப் பிரிக்கும் புனல்) பார்த்துவிட்டுப் பிறகு கொட்டேஷன் கேளுங்கள்.

பள்ளிக் கண்காட்சியில் காட்ட ஏதாவது? (தண்டையார்பேட்டை, ஆசிரியர்)

கோலின் குளோரைடு 14 கிராம், யூரியா 12 கிராம். 2003-இல் ஆண்ட்ரூ அபாட் குழு காட்டிய கலவை இது. அயனித் திரவத்தின் நெருங்கிய உறவு. உரக்கடை யூரியா வேண்டாம். வேப்பெண்ணெய் பூசியிருக்கும், கலங்கும். ஆய்வக யூரியா வாங்குங்கள். கோலின் ஈரத்தை உறிஞ்சும், புட்டியைத் திறந்து வைக்காதீர்கள். வெந்நீர்த் தொட்டியில் 80 டிகிரிக்கு மேல் போகாமல் கிளறினால், 302 டிகிரியில் உருகும் பொடியும் 133 டிகிரியில் உருகும் பொடியும் சேர்ந்து பிள்ளைகள் கண்ணெதிரே தெளிந்த பாகாக மாறும். ஆறிய பிறகும் அப்படியே நிற்கும்.